மேக் கணினியின் புதிய செட்டிங்ஸ்: பழக்கத்தால் தீராத குறைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேக் கணினிகளின் செட்டிங்ஸ் பகுதி ஐபோன் சாயலுக்கு மாறியதைப் பற்றித் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பழகிய இடத்தை மாற்றினால் யாரும் முணுமுணுப்பார்கள், நாளடைவில் சரியாகிவிடும் என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். முணுமுணுப்பில் ஒரு பங்கு அந்த வகைதான், மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு பழகினாலும் தீராத குறைகள் சில இந்த மாற்றத்தில் இருக்கின்றன. அவை எதனால் வருகின்றன, அவற்றைச் சமாளிக்க என்ன செய்யலாம் என்பதைத் தங்கள் வாசகர்களுக்கும் சொல்ல வேண்டும் என்பதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

2022 ஜூனில் ஆப்பிள் அறிவித்து, அக்டோபர் 24 அன்று வெளியிட்ட, மேக் கணினிகளின் இயங்குதளப் பதிப்பான மேக்ஓஎஸ் 13 வென்ச்சுராவில்தான் இந்த மாற்றம் வந்தது. அதற்கு முன், 2001இல் வந்த முதல் மேக்ஓஎஸ் எக்ஸ் தொடங்கி, வென்ச்சுராவுக்கு முந்தைய பதிப்பான மான்டரே வரை இருந்தது சிஸ்டம் பிரிஃபரன்சஸ் என்ற பகுதி. ஒரே ஜன்னலில் எல்லாப் பகுதிகளும் சின்னச் சின்னப் படங்களாக வரிசையாக இருக்கும், உருட்டத் தேவையில்லை. அஞ்சறைப் பெட்டியில் சீரகம் எந்தக் கிண்ணத்தில் என்று கைக்குத் தெரிவதுபோல, பிரிண்டர் எந்த வரிசையில், டிஸ்ப்ளே எந்த மூலையில் என்று கண்ணுக்குத் தெரிந்திருந்தது. வரிசை பிடிக்காதவர்கள் அகர வரிசைக்கு மாற்றிக்கொள்ளலாம், வேண்டாத படங்களை மறைத்தும் வைக்கலாம். வென்ச்சுராவில் இது முழுக்கப் போய், ஸ்விஃப்ட்யூஐ என்ற ஆப்பிளின் புதிய கட்டமைப்பில் எழுதப்பட்ட சிஸ்டம் செட்டிங்ஸ் வந்தது. இடப்பக்கம் ஏறத்தாழ முப்பது பெயர்கள் கொண்ட நீளமான பட்டியல், வலப்பக்கம் தேர்ந்தெடுத்த பகுதியின் உள்ளடக்கம், மேலே தேடல் கட்டம்.

நன்மை இல்லாமல் இல்லை. ஐபோனிலிருந்து முதல்முறையாக மேக்குக்கு வருபவருக்கு வைஃபை, புளூடூத், நோட்டிஃபிகேஷன், ஸ்கிரீன் டைம் எல்லாம் தெரிந்த பெயரில், தெரிந்த வரிசையில் கிடைக்கின்றன. முன்பு வேறு பகுதிக்குப் போகப் படங்களின் பக்கத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. இப்போது பட்டியல் எப்போதும் கண்முன் நிற்கிறது. பூட்டுப் படத்தைத் திறந்து கடவுச்சொல் கொடுத்துவிட்டு, பிறகு பூட்ட மறந்துபோகும் பழைய தொல்லையும் ஒழிந்தது. கடவுச்சொல் தேவைப்படும் இடத்தில் மட்டும் அது கேட்கிறது. இவற்றை வரவேற்கிறேன்.

சிக்கல் தொடங்குவது ஒரே வேலைக்கான அமைப்புகளைப் பல இடத்தில் பிரித்துப் போட்டதில். கணினி தூங்குவதையே எடுத்துக்கொள்வோம். பெரிய கோப்பு பிரிண்டருக்குப் போய்க்கொண்டிருக்கிறது அல்லது இணையத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது, இடையில் திரை அணைந்து கணினியும் தூங்கிவிடுகிறது. மடிக்கணினியில் இதைச் சரிசெய்ய மான்டரேவில் பேட்டரி பகுதிக்குப் போய், பவர் அடாப்டர் என்ற பிரிவில் நிமிடக் கோட்டில் உள்ள குமிழை நகர்த்தி, அதன் கீழே ஒரு கட்டத்தில் டிக் போட்டால் முடிந்தது. வென்ச்சுராவில் திரை எத்தனை நிமிடத்தில் அணைய வேண்டும் என்பது லாக் ஸ்கிரீன் பகுதிக்குப் போய்விட்டது. அங்கே பேட்டரியில் ஓடும்போது எவ்வளவு, மின் இணைப்பில் இருக்கும்போது எவ்வளவு என்று இரண்டு வரிகள் உள்ளன. திரை அணைந்தாலும் கணினி தூங்கக்கூடாது என்றால் பேட்டரி பகுதியின் அடிவரை உருட்டி, ஆப்ஷன்ஸ் பொத்தானை அழுத்தி, திரை அணைந்திருக்கும்போது தானாகத் தூங்குவதைத் தடுக்கும் வரியை இயக்க வேண்டும். ஸ்கிரீன் சேவர் படத்தைத் தேர்ந்தெடுக்க ஸ்கிரீன் சேவர் பகுதி, ஆனால் அது எப்போது தொடங்க வேண்டும் என்பது மறுபடியும் லாக் ஸ்கிரீனில். திரையின் மூலைக்கு மவுஸை நகர்த்தினால் திரையை அணைக்கும் ஹாட் கார்னர்ஸ், டெஸ்க்டாப் அண்டு டாக் பகுதியின் கடைசி வரிக்கும் கீழே ஒரு சின்னப் பொத்தானில். ஆக, ஒரு திரை அணைவதற்கு நான்கு இடம்.

பலரும் நினைப்பதற்கு மாறாக, ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறுவதில்லை. லாக் ஸ்கிரீனில் இரண்டு மணி நேரம் என்று வைத்தவர், பேட்டரி வரியை விட்டுவிட்டு மின் இணைப்பு வரியை மட்டும் மாற்றியிருப்பார். பிளக்கைக் கழற்றியதும் பழைய இரண்டு நிமிடக் கணக்கு வந்துவிடும். கணினி கெட்டுப்போய்விட்டதாக அவர் நினைப்பதில் வியப்பில்லை. இரண்டு வரிகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

தினமும் குறித்த நேரத்தில் கணினி தானாக இயங்கி, குறித்த நேரத்தில் அணைய வைக்கும் அட்டவணை மான்டரேவில் ஷெட்யூல் என்ற பெயரில் இருந்தது. வென்ச்சுராவின் செட்டிங்ஸில் அது இல்லவே இல்லை. வசதி கணினிக்குள் இன்னும் இருக்கிறது, அதைத் தொடும் பொத்தானைத்தான் எடுத்துவிட்டார்கள். கட்டளைகளைத் தட்டிக் கொடுக்கும் செயலியான டெர்மினலைத் திறந்து, நிர்வாகி அனுமதிக்கான சுடோ என்ற சொல்லைச் சேர்த்து பிஎம்செட் ரிப்பீட் என்ற கட்டளை கொடுக்க வேண்டும் என்று ஆப்பிளின் உதவிப் பக்கமே சொல்கிறது. அதில் கிழமைகளை ஆங்கிலத்தின் ஒற்றை எழுத்துகளால் குறிக்க வேண்டும். செவ்வாய்க்கு டி என்பதால் வியாழனுக்கு ஆர், சனிக்கு எஸ் என்பதால் ஞாயிறுக்கு யூ. நேரத்தை மணி, நிமிடம், நொடி என மூன்றாகவும் 24 மணிக் கணக்கிலும் தர வேண்டும். போட்ட அட்டவணையை நீக்க அதே பிஎம்செட் ரிப்பீட்டுடன் கேன்சல் என்று சேர்த்தால் போதும். அலுவலக வரவேற்பறையில் இருக்கும் ஒரு கணினியைக் காலை ஒன்பது மணிக்கு இயக்க ஒருவர் டெர்மினல் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கைப்பேசியை யாரும் இரவில் அணைத்துக் காலையில் தானாக இயங்க வைப்பதில்லை. கைப்பேசியின் பட்டியலை மாதிரியாக எடுத்துக்கொண்டபோது, அதில் இல்லாத வேலைகளுக்கு இடம் கிடைக்காமல் போனது என்பதே என் கணிப்பு.

அடுத்தது ஜன்னலின் அளவு. வென்ச்சுராவின் செட்டிங்ஸ் ஜன்னலை மேலும் கீழும் இழுத்து உயரத்தைக் கூட்டலாம், அகலத்தைக் கொஞ்சமும் மாற்ற முடியாது. 27 அங்குலத் திரையில் பாதி வெறுமையாகக் கிடக்க, நடுவில் ஒடுக்கமான ஒரு ஜன்னலுக்குள் மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. கைப்பேசியில் உருட்டுவது இயல்பு. திரை ஒடுக்கம், கட்டைவிரல் அங்கேயே இருக்கிறது. கணினித் திரை அகலமானது, கண் ஒரே பார்வையில் பக்கவாட்டில் பலவற்றைப் பார்க்கும். மேலும், பட்டியலின் கடைசியில் இருப்பவை கீபோர்டு, மவுஸ், டிராக்பேட், பிரிண்டர். கணினியில் மட்டுமே உள்ள, அன்றாடம் தேவைப்படும் சாதனங்கள் அத்தனையும் அடியில். ஆப்பிள் கணக்கும் கேம் சென்டரும் அவற்றுக்கு மேலே.

டிக் கட்டங்கள் போய், கைப்பேசி பாணி ஸ்விட்சுகள் வந்ததும் இதோடு சேர்ந்தது. பழைய முறையில் கட்டமும் அதற்குரிய சொல்லும் ஒட்டி இருக்கும். இப்போது சொல் இடது ஓரத்தில், ஸ்விட்ச் வலது ஓரத்தில். வரிகள் நெருக்கமாக உள்ள பக்கங்களில் எந்தச் சொல்லுக்கு எந்த ஸ்விட்ச் என்று கண்ணால் கோடு போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. பார்வை மங்கிய முதியவர்கள் மேல் வரிக்குப் பதிலாகக் கீழ் வரியைத் தட்டிவிடுவது இதனால்தான்.

ஒன்றுக்குள் ஒன்றாகத் திறக்கும் சிறு பெட்டிகள் இன்னொரு தொல்லை. தமிழ் தட்டச்சு செய்பவர்கள் அனைவரும் இதைச் சந்தித்திருப்பார்கள். மேக்கில் தமிழ்99, அஞ்சல் ஆகிய விசைப்பலகைகள் உடனடியாகவே கிடைக்கின்றன, தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். முன்பு கீபோர்டு பகுதியில் இன்புட் சோர்சஸ் என்ற பிரிவைத் தட்டினால் விசைப்பலகைகளின் பட்டியலும் கூட்டல் குறியும் நேராகத் தெரியும். இப்போது கீபோர்டு பகுதிக்குள் போய், டெக்ஸ்ட் இன்புட் என்ற தலைப்பு வரை உருட்டி, இன்புட் சோர்சஸ் வரியின் ஓரத்தில் உள்ள எடிட் பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு பெட்டி திறக்கும். அதன் இடது கீழ்மூலையில் உள்ள கூட்டல் குறியைத் தட்டினால் அதற்குள் இன்னொரு பெட்டி. அதில் தமிழைத் தேர்ந்து, விசைப்பலகையைத் தேர்ந்து, ஆட் அழுத்தி, திரும்பி வந்து டன் அழுத்த வேண்டும்.

விசைப்பலகையைச் சேர்த்த பிறகும் மேல் பட்டையில் மொழிச் சின்னம் வரவில்லை என்றால், அதே பெட்டியில் ஆல் இன்புட் சோர்சஸ் என்ற முதல் வரியைத் தேர்ந்து, மெனு பாரில் காட்டும் ஸ்விட்சை இயக்க வேண்டும். அங்கேயே இன்னொரு ஸ்விட்ச் இருக்கிறது: ஒவ்வொரு ஆவணத்துக்கும் அதற்குரிய விசைப்பலகைக்குத் தானாக மாறுவது. தமிழில் தட்டிக்கொண்டிருக்கும்போதே வேறு ஜன்னலுக்குப் போனதும் ஆங்கிலமாகிவிடுகிறது என்று புகார் வந்தால், பெரும்பாலும் இந்த ஸ்விட்ச்தான் காரணம். அதை அணைத்துவிட்டால் விசைப்பலகை மாறாமல் நிற்கும். கன்ட்ரோலும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தி மொழி மாற்றுவது வேலை செய்யவில்லை என்றால், கீபோர்டு பகுதியில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் பொத்தானைத் தட்டி, இன்புட் சோர்சஸ் வரியில் டிக் இருக்கிறதா என்று பார்க்கவும்.

விண்டோஸ் கணினிகளோடு கோப்புகளைப் பகிரும் அலுவலகங்களில் இதைவிட மோசம். ஜெனரல், அதற்குள் ஷேரிங், அதில் ஃபைல் ஷேரிங் வரியின் ஓரத்தில் வட்டத்துக்குள் இருக்கும் ஐ குறி, அது திறக்கும் பெட்டியில் ஆப்ஷன்ஸ், அது திறக்கும் அடுத்த பெட்டியில் விண்டோஸ் ஃபைல் ஷேரிங் என்ற தலைப்பின் கீழ் அந்தப் பயனர் கணக்குக்கு டிக். டிக் போட்டதும் அந்தக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். இந்தக் கடைசிப் படி விடுபட்டால், விண்டோஸ் பக்கத்தில் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் தவறு என்றே சொல்லிக்கொண்டிருக்கும். நெட்வொர்க் கேபிளையும் ரவுட்டரையும் சந்தேகித்து அரை நாளை வீணாக்கியவர்கள் நிறைய. ஃபைல் ஷேரிங் ஸ்விட்ச் பச்சையாகவோ நீலமாகவோ ஒளிர்வதால் எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும், குறையோ இரண்டு பெட்டிக்கு அடியில் ஒளிந்திருக்கும்.

இடம் மாறிப்போனவற்றில் வாசகர்கள் அதிகம் தேடுபவற்றையும் சொல்லிவிடுகிறேன். இணைய உலாவியாக எதை வைப்பது என்பது வென்ச்சுராவில் டெஸ்க்டாப் அண்டு டாக் பகுதிக்குள் இருக்கிறது. உலாவிக்கும், செயலிச் சின்னங்கள் வரிசையாக நிற்கும் பட்டையான டாக்குக்கும் என்ன உறவு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஃபயர்வால் நெட்வொர்க்கின் கீழ். கணினியின் பெயரை மாற்ற ஜெனரலில் அபவுட். சேமிப்பு இடம் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஜெனரலில் ஸ்டோரேஜ். இயங்கத் தொடங்கும்போது தானாகத் திறக்கும் செயலிகள், முன்பு யூசர்ஸ் அண்டு குரூப்ஸில் இருந்தவை, ஜெனரலில் லாகின் ஐட்டம்ஸுக்கு வந்துவிட்டன. திரைத் தெளிவின் அளவுகளைப் படங்களாக அல்லாமல் எண்களாகப் பார்க்க விரும்புபவர்கள் டிஸ்ப்ளேஸ் பகுதியில் அட்வான்ஸ்டு அழுத்திப் பட்டியலாகக் காட்டும் ஸ்விட்சை இயக்க வேண்டும்.

லாகின் ஐட்டம்ஸ் பற்றி ஒரு விளக்கம் அவசியம். அந்தப் பக்கத்தில் பின்னணியில் இயங்க அனுமதிக்கப்பட்டவை என்ற பட்டியலில், கேள்விப்படாத வெளிநாட்டு ஆள் பெயர் ஒன்று ஸ்விட்சோடு இருப்பதைக் கண்டு, கணினிக்குள் யாரோ புகுந்துவிட்டதாகப் பதறுபவர்கள் உண்டு. செயலியை உருவாக்கியவர் எந்தப் பெயரில் ஆப்பிளிடம் கையெழுத்துச் சான்று வாங்கினாரோ அந்தப் பெயர் அங்கே வருகிறது. நிறுவனமாக இல்லாமல் தனி ஆளாக மென்பொருள் எழுதுபவர் என்றால் அவருடைய சொந்தப் பெயரே வரும். பதற்றத்தில் எல்லாவற்றையும் அணைத்தால் பிரிண்டரின் துணைச் செயலியோ காப்புப்பிரதி எடுக்கும் செயலியோ நின்றுபோகலாம். ஒவ்வொன்றாக அணைத்து, எது நின்றது என்று பார்த்து முடிவெடுப்பதே சரி.

பாதுகாப்பு விஷயத்தில் செட்டிங்ஸின் முக்கியத்துவம் இன்னும் கூடியிருக்கிறது. ஆப்பிள் சரிபார்க்காத ஒரு செயலியைத் திறக்க முன்பெல்லாம் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சொடுக்கி, ஓப்பன் கொடுத்தால் போதும். 2024இல் வந்த மேக்ஓஎஸ் பதிப்பான செக்கோயாவில் அந்த வழி அடைக்கப்பட்டது. ஒருமுறை திறக்க முயன்று, அது மறுத்த பிறகு, பிரைவசி அண்டு செக்யூரிட்டி பகுதியின் அடிவரை உருட்டினால் ஓப்பன் எனிவே என்ற பொத்தான் இருக்கும். முயன்றதிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் அது தெரியும். அந்தப் பொத்தானே காணோம் என்பவர்கள் செயலியை மறுபடி திறக்க முயன்றுவிட்டுத் திரும்ப வந்து பார்க்கவும். இவ்வளவு முக்கியமான பொத்தானை இத்தனை நீளமான பக்கத்தின் அடியில் வைப்பார்களா?

தேடினால் கிடைக்குமே என்பார்கள். பழைய முறையில் தேடலில் ஒரு சொல்லைத் தட்டினால் ஜன்னல் இருண்டு, அதற்குரிய படத்தின் மேல் மட்டும் வெளிச்ச வட்டம் விழும். இடத்தைக் கண் கற்றுக்கொள்ளும், அடுத்த முறை தேடவே வேண்டாம். இப்போது முடிவுகள் இடப்பக்கப் பட்டியலை மறைத்துக்கொண்டு வரிகளாக வருகின்றன. தட்டினால் அந்தப் பக்கம் திறக்கும், ஆனால் தேடிய வரி அதற்குள் எங்கே என்று பல சமயம் நாமே உருட்டிப் பார்க்க வேண்டும். தேடல் கட்டத்தைக் காலி செய்தால்தான் பழைய பட்டியல் திரும்பும். அது தெரியாமல் பாதிப் பகுதிகள் காணாமல் போய்விட்டன என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள்.

மற்ற இயங்குதளங்களிலும் இதே பாதை உண்டு. மைக்ரோசாஃப்ட் 2012இல் விண்டோஸ் 8 உடன் தொடுதிரைக்கு ஏற்ற செட்டிங்ஸைக் கொண்டுவந்தது, 2015இல் விண்டோஸ் 10இல் அதை விரிவாக்கியது. ஆனால் பழைய கன்ட்ரோல் பேனலை விண்டோஸ் 11இலும் எடுக்கவில்லை. ஒரே வேலைக்கு இரண்டு இடம் என்ற குழப்பம் அங்கே இருந்தாலும், புதியதில் இல்லாதது பழையதில் கிடைத்தது. லினக்ஸில் பயன்படும் திரைச் சூழலான ஜினோமின் 3.26 பதிப்பு, 2017இல் இதேபோன்ற பக்கப் பட்டியலுக்கு மாறியது. அந்த ஜன்னலை அகலப்படுத்த முடிகிறது. ஆகவே பக்கப் பட்டியல் என்ற வடிவத்தின் மேல் எனக்குக் குறையில்லை. ஆப்பிள் பழைய கதவை ஒரே நாளில் மூடிவிட்டு, புதியதை அரைகுறையாகத் திறந்ததுதான் வருத்தம்.

இருப்பதை வைத்து வேகமாக வேலை செய்ய சில வழிகள். செட்டிங்ஸ் திறந்திருக்கும்போது மேலே வியூ மெனுவைத் திறந்தால் எல்லாப் பகுதிகளும் அகர வரிசையில் இருக்கும். டாக்கில் உள்ள செட்டிங்ஸ் சின்னத்தை வலது சொடுக்கினாலும் பகுதிகளின் பட்டியல் வரும், உருட்டாமல் நேராகப் போகலாம். கமாண்டும் ஸ்பேஸும் அழுத்தி மேக்கின் தேடல் வசதியான ஸ்பாட்லைட்டில் பகுதியின் பெயரைத் தட்டுவது இன்னும் வேகம். ஆப்ஷன் விசையோடு ஒலி விசையை அழுத்தினால் சவுண்டு பகுதியும், ஒளி விசையை அழுத்தினால் டிஸ்ப்ளேஸ் பகுதியும் திறக்கும். ஆப்பிள் மெனுவை ஆப்ஷன் விசையோடு திறந்தால் அபவுட் இருந்த இடத்தில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் வரும். கணினியின் முழு விவரம் அதில் உள்ளது. செட்டிங்ஸ் ஜன்னலின் கீழ் விளிம்பை இழுத்துத் திரையின் உயரத்துக்கு நீட்டி வைத்துக்கொண்டால் உருட்டும் வேலை பெரிதும் குறையும்.

ஆப்பிள் செய்ய வேண்டியவை அதிகமில்லை. ஜன்னலின் அகலத்தை மாற்ற விட வேண்டும். தூக்கம், திரை, ஸ்கிரீன் சேவர், அட்டவணை நான்கையும் ஒரே பகுதிக்குள் கொண்டுவர வேண்டும். பட்டியலின் வரிசையைப் பயனரே மாற்றிக்கொள்ள, 2022க்கு முன் இருந்த அந்த உரிமையைத் திருப்பித் தர வேண்டும். செக்கோயாவில் பட்டியலின் வரிசையை நிறுவனமே ஒருமுறை மாற்றியது, ஜெனரலை மேலே கொண்டுவந்தது. வரிசை சரியில்லை என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

குறை சொல்ல விரும்பும் வாசகர்கள் ஆப்பிளின் இணையதளத்தில் மேக்ஓஎஸ் கருத்துப் பக்கத்தைப் பயன்படுத்தலாம். பழையதே நன்றாக இருந்தது என்று மட்டும் எழுதினால் அதை வைத்து யாரும் எதையும் திருத்த முடியாது. எந்தப் பதிப்பு, எந்த மாடல், எந்தப் பகுதியில் எந்த வரி, முன்பு எத்தனை படி, இப்போது எத்தனை படி என்று எழுதுங்கள். ஒரு கடிதத்தில் ஒரு குறை போதும்.

இப்படிக்கு,
அலுவலகக் கணினிப் பராமரிப்பில் உள்ள வாசகர்,
கோயம்புத்தூர்